இல்லாத குழாயை எடுத்த விதம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் மகத்தானது எழுத்து. நெருப்பு அணைந்துவிடும், சக்கரம் தேய்ந்துவிடும், எழுதிவைத்தது மட்டும் நிற்கும். எழுதப்படாதது நடக்கவே இல்லை. மருத்துவமும் நாகரிகமும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கின்றன என்று புள்ளியார் அடிக்கடி சொல்வார். அவர் இதைச் சொல்லும் அறை மருத்துவமனையின் அடித்தளத்தில், கால் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்பதற்கு அங்கே ஒரு பிரிண்டர் இருந்தது. அதுவும் பாதி நாள் காகிதம் சிக்கி வாயடைத்துக் கிடக்கும்.

புள்ளியாருக்கு மருத்துவக் கோடிங் வேலை. டாக்டர்கள் எழுதிவைப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் புத்தகத்தில் இருக்கிற எண்ணைப் போட வேண்டும். அதிலும் விழுங்க முடியாதவர்களுக்கு வயிற்றில் துளையிட்டுப் போடும் உணவூட்டும் குழாயும் அதன் கோளாறுகளும் அவருடைய தனி ராஜ்ஜியம். குழாய் அடைத்தால் ஒரு எண். துளையைச் சுற்றிச் சீழ் பிடித்தால் ஒரு எண், நழுவி வெளியே வந்தால் வேறொன்று. பல எண்கள் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தில்தான் வேறுபடும். "புள்ளிக்கு முன்னாடி எவன் வேணும்னாலும் போடுவான். புள்ளிக்கு அப்புறம் சரியா போடுறவன்தான் ஆளு" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பதினான்கு வருடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் குழாய்களுக்கு எண் போட்டவர், ஒரு குழாயைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் சமைக்கிறார்களா என்ன?

அவருக்கு இரண்டு வேதவாக்குகள் இருந்தன. டாக்டர் எழுதியதற்கு மட்டுமே எண் போட வேண்டும் என்பது ஒன்று. நர்ஸ் எழுதியது சேராது, நோயாளி தொண்டை கிழியக் கத்தினாலும் சேராது. சந்தேகம் வந்தால் டாக்டருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பலாம், ஆனால் கேள்விக்குள்ளே பதில் இருக்கக் கூடாது என்பது மற்றது. 'குழாய் கழன்றுவிட்டதா?' என்று கேட்பது பாவம். அப்படிக் கேட்டால் டாக்டர் வாயில் நாமே பதிலைத் திணித்ததாக ஆகும். 'குழாயின் நிலையைத் தெளிவுபடுத்தவும்' என்று கேட்டு, கீழே ஐந்து கட்டம் போட்டு, டிக் அடிக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போய்விட்டது. 'சாப்பாடு ரெடியா?' என்று அவர் மனைவியிடம் கேட்டுப் பல வருடமாகிறது.

"சாப்பாட்டோட தற்போதைய நிலை என்ன?"

"அடுப்புல உக்காந்திருக்கு. நீங்களே போய்த் தெளிவுபடுத்திக்கங்க" என்பார் மனைவி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்குப் பன்னிரண்டாம் படுக்கையின் கோப்பு வந்தது. நாற்பது நாளைத் தாண்டித் தங்கும் நோயாளிகளின் கோப்பை நடுவிலேயே ஒருமுறை பார்ப்பது வழக்கம். நோயாளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வார்டில் எல்லாருக்கும் 'டிரைவர்'. தொண்டையில் அறுவை, அதன் பிறகு வீக்கம், விழுங்க முடியவில்லை, வயிற்றில் குழாய். வாய்வழி ஒன்றும் தரக்கூடாது என்று உத்தரவு.

டாக்டர் குறிப்பு கடைசி இருபது நாளும் ஒரே மாதிரி இருந்தது. 'குழாய் சரியான இடத்தில் உள்ளது. கசிவு இல்லை. நோயாளி நன்றாகத் தூங்கினார்.' எழுதியவர் வார்டின் இளைய டாக்டர். முந்தின நாள் குறிப்பை அப்படியே எடுத்து அடுத்த நாளில் ஒட்டிவிடுவதால் அந்த அம்மாவை 'ஒட்டு டாக்டர்' என்று நர்ஸ்கள் செல்லமாக அழைப்பார்கள். ஒருநாள் டிரைவர் இரவு முழுவதும் இருமிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் எழுதியிருந்தார். டாக்டர் குறிப்பில் அன்றும் நன்றாகத்தான் தூங்கியிருந்தார்.

நர்ஸ் குறிப்பில் இருபது நாளைக்கு முந்தைய பக்கத்தில் 'குழாய் வெளியே வந்துவிட்டது, டாக்டரிடம் சொல்லப்பட்டது' என்று மணியான கையெழுத்தில் இருந்தது. புள்ளியார் அதைப் பார்த்தார். வேதவாக்கின்படி பார்க்காதவராகி அடுத்த பக்கம் போனார். அங்கேதான் இடறினார்.

'காலை 10.40. நோயாளி படுக்கையில் இல்லை. கேன்டீனிலிருந்து அழைத்து வரப்பட்டார். வாயில் பன்.'

வாயில் பன். மூன்று முறை படித்தார். சரியான இடத்தில் குழாய் இருக்கிற, வாய்வழி ஒன்றும் தரக்கூடாத மனிதர் வாயில் பன்னோடு வருவதற்குப் புத்தகத்தில் எண் இல்லை. கேள்வி அனுப்பினார். 'குழாயின் தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்தவும்.' கட்டங்கள் ஐந்து: இடத்தில் உள்ளது, அகற்றப்பட்டது, நழுவியது, மற்றவை, மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை.

மாலையில் பதில் வந்தது. ஒட்டு டாக்டர் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தார்.

ஈரல், மண்ணீரல் என்றால் சரி. இது சட்டையைத் தூக்கினால் தெரிகிற விஷயம். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்து, மூன்றாம் மாடி வார்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று துப்புரவுக்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது.

வார்டு வாசலில் ஒரு பெரிய பலகை. 'இங்கே குழாய்ச் சிக்கல் இல்லாத நாட்கள்: 497.' எண்களைக் கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு காலையும் பெரிய டாக்டரே வந்து, கைக்குட்டையால் துடைத்து, ஓர் எண்ணை மாற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பாராம். வெள்ளிக்கிழமை ஐந்நூறு. மேலிடத்திலிருந்து கேடயத்தோடு விருந்தினர்கள் வருகிறார்கள். ஒரு குழாய் நழுவியது என்று எழுதினால் பலகை பூஜ்யத்துக்குப் போகும்.

பன்னிரண்டாம் படுக்கையில் டிரைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு தலையணை.

"வாங்க தம்பி. நீங்க எந்த டிபார்ட்மென்ட்? சாப்பாட்டு டிபார்ட்மென்ட்னு மட்டும் சொல்லிடுங்க, உங்க கையில முத்தம் குடுக்கிறேன்."

"நான் கோடிங்குங்க. உங்க குழாய் விஷயமா…"

அவ்வளவுதான். டிரைவர் சட்டையைத் தூக்கினார்.

"ஐயோ, மூடுங்க! நான் பார்க்கக் கூடாது. நான் பார்த்தா செல்லாது" என்று புள்ளியார் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கு வழியாகத் தெரிந்தது: குழாய் இல்லை. துளையும் இல்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்னத் தழும்பு, தொப்புளின் தம்பியைப் போல.

"பாருங்க சிஸ்டர், இவரும் பார்க்க மாட்டேங்கிறாரு" என்றார் டிரைவர். "இருபது நாளா ஒரு மனுஷன் பார்க்கல. என் வயித்துல என்ன சாமி குத்தமா இருக்கு?"

வார்டு சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்து நின்றார். அன்று குறிப்பு எழுதிய மணியான கையெழுத்துக்காரர் அவர்தான். நடந்ததை அவரே சொன்னார். மத்தியானத் தூக்கத்திலிருந்து டிரைவர் எழுந்தபோது குழாய் கட்டில் கம்பியில் மாட்டி, சளக்கென்று வெளியே வந்துவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் விரிப்பு மாற்றுகிறவர் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பார்த்தால் துளை தானாக மூடிக்கொண்டிருந்தது. அதற்குள் வீக்கமும் வடிந்திருந்தது. அன்றிலிருந்து மனிதர் கேன்டீனில் கிடைப்பதையெல்லாம் நன்றாக விழுங்குகிறார், பன் உட்பட.

"நான் அன்னிக்கே எழுதிட்டேன் சார்."

"நீங்க எழுதினது செல்லாதே சிஸ்டர்."

"தெரியும் சார். எங்க கையெழுத்து கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான் நாங்கல்லாம் எழுதுறது."

டிரைவரின் சிக்கல் இதுதான்: கம்ப்யூட்டரில் குழாய் இருக்கிறது. ஆகவே சாப்பாட்டுத் தட்டு வராது. வீட்டுக்கும் போக முடியாது. குழாயோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், வீட்டில் ஒருவர் குழாய்வழி ஊட்டக் கற்றுக்கொண்டு மூன்று முறை செய்துகாட்ட வேண்டும். மனைவி தலையணையில் இரண்டு முறை செய்துகாட்டித் தேறிவிட்டார். மூன்றாவது முறை ஆள்மேல் செய்ய வேண்டும் என்பது விதி.

"நான் ஊத்துறேன், எனக்கென்ன" என்றார் மனைவி. "எதுல ஊத்துறது? இவரு காதுலயா? அதுலதான் நாப்பது வருஷமா ஊத்துறேன், ஒண்ணும் உள்ள போகல."

"இவ கிடக்குறா. தம்பி, எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்" என்று டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை காலையில பேத்தி ஸ்கூல்ல நாடகம். நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். என் பிள்ளைங்க ஏறின மேடை ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல, எப்பவும் டியூட்டி. பேத்தி போன் பண்ணி, 'தாத்தா வருவியா'ன்னு கேட்டா. வர்றேன்னு சொல்லிட்டேன்."

"என்ன வேஷம்?"

"மரம்."

"வசனம் இருக்குங்களா?"

"மரத்துக்கு ஏது தம்பி வசனம்? நிக்கணும். ஆனா நல்லா நிப்பா."

புள்ளியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அது கேள்வியா பதிலா என்று தெரியாமல் மூடிக்கொண்டார். வெளியே வந்து வராந்தாவில் ஒட்டு டாக்டரைப் பிடித்தார்.

"டாக்டர், தீர்மானிக்க இயலவில்லைன்னு போட்டிருக்கீங்க."

"பொய் இல்லையே சார். எனக்கு நிஜமாவே தீர்மானிக்க முடியல. நழுவிடுச்சுன்னு எழுதினா பலகை போச்சு, அதோட நானும் போனேன். எடுத்தாச்சுன்னு எழுதினா யார் எடுத்தது? பெரிய டாக்டரைக் கேளுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புதன்கிழமை பெரிய டாக்டருக்கு இரண்டாவது கேள்வி போனது. வியாழக்கிழமை மாலை ஆள் வந்து புள்ளியாரைக் கூப்பிட்டார்.

பெரிய டாக்டரின் அறையில் கேடயத்துக்காகச் சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. அவர் மறுநாள் பேச வேண்டிய பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தார். "…ஐந்நூறு நாட்கள். இது ஓர் எண் அல்ல, நண்பர்களே, இது ஒரு தவம்" என்று கண்ணாடியிடம் முடித்துவிட்டு, அதே குரலில் திரும்பினார்.

"நீங்கதான் அந்தப் புள்ளியா? என்ன பிரச்சினை?"

"குழாயோட தற்போதைய நிலையைத் தெளிவுபடுத்தணும் சார்."

"தானா நழுவினா என்ன எண்?"

"அது சிக்கல்ல வரும் சார்."

"நாமளா எடுத்தா?"

"அது சிகிச்சைல வரும்."

பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக வெகுதூரம் பார்த்தார். எதிரே ஜெனரேட்டர் அறைதான் இருந்தது. "அந்த நோயாளி இப்ப நல்லா விழுங்குறாரு இல்ல? அப்ப குழாய் எதுக்கு? நாளைக்குக் காலையில எடுத்துடுவோம்."

"எதை சார்?" என்றார் புள்ளியார்.

அவர் வாழ்நாளில் கேட்ட கேள்விகளிலேயே, உள்ளே பதில் என்று ஒரு துளிகூட இல்லாத கேள்வி அது.

பெரிய டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுத்திலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழாய் எடுக்கப்பட்டது. டிரைவரைச் சிகிச்சை அறையில் படுக்கவைத்துப் பச்சைத் துணி போர்த்தினார்கள். விளக்கு போட்டார்கள். பெரிய டாக்டர் கையுறை மாட்டினார். "ஆழமா மூச்சை இழுங்க. விடுங்க. இன்னொரு தடவை. ஆ, எடுத்தாச்சு!" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் கையுறைக்குப் போனது.

"அதுக்குள்ளயா?" என்று டிரைவர் தலையைத் தூக்கினார். "தெரியவே இல்லையே டாக்டர்! கைராசின்னா இதுதான்."

சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பெரிய டாக்டர் சொல்லச்சொல்ல ஒட்டு டாக்டர் எழுதினார்: 'குழாய் எளிதாக அகற்றப்பட்டது. ரத்த இழப்பு இல்லை. நோயாளி நன்கு ஒத்துழைத்தார்.' முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாம் சத்தியம்.

பத்து மணிக்குப் பலகையில் ஐந்நூறு ஏறியது. விருந்தினர்கள் வந்தார்கள், கை தட்டினார்கள், 'தவம்' என்ற இடத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஜலதோஷம்.

குறிப்பு புள்ளியார் மேசைக்கு வந்தபோது மணி இரண்டு. டாக்டர் எழுதிவிட்டார். வேதவாக்கின்படி அது நடந்துவிட்டது. கல்லை விழுங்குவது போல எண்ணைப் போட்டார். கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்தைத் திறந்தது. உடலிலிருந்து எடுத்த எதுவும் லேபுக்குப் போக வேண்டும். 'குழாயின் நீளம்? முனை முழுதாக உள்ளதா?' லேப் பதில் வந்து இவர் பதிந்தால்தான் வீட்டுக்கு அனுப்பும் பக்கம் திறக்கும். லேபுக்கு ஒன்றுமே வந்திருக்கவில்லை.

'அகற்றப்பட்ட பொருளின் விவரத்தைத் தெரிவிக்கவும்' என்று மேலே கேள்வி அனுப்பினார்.

அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தபோது பெரிய டாக்டர் கேடயத்தை மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உதட்டை அசைக்காமல், சிரிப்பும் கலையாமல், பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் சொன்னார்: "ஸ்டோர்ல இருந்து ஒரு ட்யூப் எடுத்து லேபுக்கு அனுப்பிடு."

சிஸ்டர் இருபத்தாறு வருடம் சொன்னதைச் செய்தவர். அன்று சொன்னதற்கு மேல் ஒரு துளியும் செய்வதில்லை என்று இருந்துவிட்டார். ஸ்டோரிலிருந்து ஒரு ட்யூப் எடுத்தார். லேபுக்கு அனுப்பினார்.

நாலு நாற்பதுக்குப் புள்ளியாரின் போன் அடித்தது. லேப்காரர். லேப் ஐந்து மணிக்குப் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும்.

"சார், பன்னெண்டாம் பெட் குழாய் வந்திருக்கு."

"சரிங்க."

"கவரையே பிரிக்கல சார்."

புள்ளியார் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கம்பெனி சீல் அப்படியே இருக்கு. 'உடைந்திருந்தால் உபயோகிக்காதீர்கள்'னு மேல எழுதியிருக்கு. இது வயித்துக்குள்ள இருந்து வந்ததாம். நான் என்ன சார் எழுதட்டும்?"

'நீங்கள் கண்டதை எழுதவும்.' பதினான்கு வருடமாகப் புள்ளியார் இதற்குச் சொல்லும் விடை இதுதான். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. கண்டதை எழுதினால் விசாரணை வரும். விசாரணை என்றால் கமிட்டி கூடும், கமிட்டி என்றால் அடுத்த மாதம். அதுவரை டிரைவர் வயிற்றில் இல்லாத குழாயோடு பன்னிரண்டாம் படுக்கையில் இருப்பார். சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்திரண்டு காட்டியது. வசனமே இல்லாமல் நிற்கப்போகிற ஒரு மரம் புள்ளியார் மனசில் வந்து நின்றது. நன்றாகவே நின்றது, நகரமாட்டேன் என்றது.

அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். பிரிண்டரைத் தவிர யாரும் இல்லை. போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டார்.

"குழாய் சுத்தமா இருந்துச்சு, முனை முழுசா இருந்துச்சு. அப்படி எழுதலாம்தானே?"

கேள்விக்குள் பதில் இருந்தது. பதிலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவருக்குக் காது மடல் சுட்டது.

மறுமுனையில் லேப்காரர் மிகுந்த நிம்மதியோடு மூச்சு விட்டார்.

"தாராளமா எழுதலாம் சார்! அதுல பொய்யே இல்லையே. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். என் சர்வீஸ்ல வயித்துல இருந்து வந்த ட்யூப் இவ்வளவு பளபளன்னு பார்த்ததே இல்ல."

"நீளம்?"

"கவர் மேலயே அச்சடிச்சிருக்கு சார். அப்படியே போட்டுடறேன்."

நாலு ஐம்பத்தைந்துக்கு லேப் பதில் வந்தது. புள்ளியார் பதிந்தார். மருத்துவமனை வரலாற்றிலேயே மிகச் சுத்தமான அந்தக் குழாய்க்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று அவர் பெயர் விழுந்தது. வீட்டுக்கு அனுப்பும் பக்கம் திறந்தது.

குழாய் போனதும் கம்ப்யூட்டருக்கு ஞானம் பிறந்து, பன்னிரண்டாம் படுக்கைக்குச் சாப்பாட்டுத் தட்டையும் அனுப்பிவைத்தது. டிரைவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தது வந்துடுச்சு, சாப்பிட்டுட்டே கிளம்புங்க" என்றார் சிஸ்டர்.

"ஆஸ்பத்திரி சாப்பாடா? யாரு திம்பா இதை?" என்று டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மனைவி பையைத் தூக்கினார். இத்தனை நாள் பழகிய தலையணையை விட்டுப்போக மனசில்லாமல் ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

லிஃப்ட் வாசலில் புள்ளியார் நின்றிருந்தார். தற்செயலாக வந்தது போல நிற்க முயன்றார்.

"தம்பி, எல்லாம் உங்களாலதானாமே. சிஸ்டர் சொன்னாங்க."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. அப்படி எங்கயும் எழுதலை."

"எழுதலைன்னா என்ன, நடந்துச்சா இல்லையா?" என்று டிரைவர் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் புள்ளியார் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலை நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே டிரைவர் பள்ளி அரங்கில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். முன்னால் வந்து நின்ற ஒரு தொப்பிக்காரரைப் பேருந்துக் குரலில் பின்னால் நகரச் சொன்னார். திரை விலகியது. மேடையில் எட்டு மரங்கள் நின்றன. எல்லாம் ஒரே உயரம், உடம்பில் பழுப்புக் காகிதம், முகத்தில் பச்சைச் சாயம். மரங்கள் நின்ற பதினோரு நிமிடமும் அவர் உட்காரவே இல்லை. கண்ணில் நீர் வழிய, "அப்படித்தான் கண்ணு, ஆடாம நில்லு!" என்று இடது ஓரத்து மரத்துக்குக் கை தட்டிக்கொண்டே இருந்தார்.

பேத்தி வலது ஓரத்து மரம்.